பண்முறையா, தலமுறையா? லினக்ஸ் கெர்னலில் டிரைவர்களின் இருப்பிடம்

மேல்நிலை முதலாம் ஆண்டு கணினி அறிவியலில் இயக்க அமைப்பு பற்றிய பாடத்தையும், அதையடுத்து விண்டோஸ், உபுண்டு இரண்டையும் கையாளும் பாடத்தையும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். டிரைவர் என்ற சொல் வரும் இடத்தில், "வன்பொருளுக்கும் இயக்க அமைப்புக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் மாணவர்களை நன்றாக யோசிக்க வைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. உலகத்தில் விசைப்பலகை, சுட்டி, கேமரா, நெட்வொர்க் அட்டை என்று ஆயிரக்கணக்கான சாதனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால், இத்தனை பேரையும் எங்கே, எந்த வரிசையில் உட்கார வைப்பது?

இந்தக் கேள்விக்கு விடையைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் லினக்ஸ் கெர்னல். கெர்னல் என்பது இயக்க அமைப்பின் நடுப்பகுதி; வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அதுதான். லினக்ஸ் திறந்த மூல மென்பொருள் என்பதால் அதன் மூல நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அந்த நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்களே. அவை எல்லாம் ‘டிரைவர்ஸ்’ என்ற ஒரே கோப்புறைக்குள், உட்கோப்புறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதைத்தான் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் உரியது என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பொருள்களை வகைப்படுத்தும் பாடம் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

நம் ஊரில் நடந்த வகைப்படுத்தல்

நான் பணியாற்றும் காட்டுமன்னார்கோயில் பகுதிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வீரநாராயணபுரம் என்று பழம்பெயர் கொண்ட இவ்வூரைச் சேர்ந்த நாதமுனிகள்தான் ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்து, நாலாயிரமாக வகுத்தவர் என்று படிக்கிறோம். அருகிலேயே உள்ள திருநாரையூரைச் சேர்ந்தவர் நம்பியாண்டார் நம்பி. தேவாரப் பதிகங்களைத் திருமுறைகளாக வகுத்தவர் அவர். முதல் மூன்று திருமுறை சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். மேல்மட்டத்தில் ஆசிரியர் அடிப்படை. உள்ளே போனால் சம்பந்தர் பாடல்கள் பண் அடிப்படையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இதைப் பண்முறை என்பர்.

பாடுகிறவருக்குப் பண்முறை வசதி. ஒரே பண்ணில் அமைந்தவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஒரு தலத்துக்குப் போகிறவர், அங்கே பாட வேண்டிய பதிகங்களைத் தேடினால் அவை பல இடங்களில் சிதறிக் கிடக்கும். ஆகவே பிற்காலத்தில் தலமுறை என்ற இன்னொரு அடுக்கு வந்தது. ‘கோயில்’ எனப்படும் சிதம்பரத்தில் தொடங்கி, ஊர் ஊராகப் பதிகங்களை அடுக்குவது அது. பாடல்கள் மாறவில்லை. தேடுகிறவர் யார், எதற்காகத் தேடுகிறார் என்பது மாறியது, அடுக்கும் மாறியது.

டிரைவர்களின் சிக்கலும் இதேதான். ஒரு யுஎஸ்பி கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். அது செய்யும் வேலை படம் எடுப்பது. அது கணினியோடு சேரும் வழி யுஎஸ்பி. அதைச் செய்தது ஏதோ ஒரு நிறுவனம். வேலையைப் பார்த்து வைப்பதா, வழியைப் பார்த்து வைப்பதா, நிறுவனத்தைப் பார்த்து வைப்பதா? தாளில் எழுதிய பட்டியல் என்றால் மூன்று பிரதி எடுக்கலாம். நிரலை மூன்று இடத்தில் எழுதி வைத்தால், ஒரு பிழையைத் திருத்த மூன்று இடம் ஓட வேண்டும்; ஓர் இடம் விட்டுப்போகும். மதிப்பெண் பட்டியலை மூன்று பதிவேட்டில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்தாயிரம் வரியில் தொடங்கியது

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் வெளியிட்ட முதல் கெர்னல் சுமார் 10,000 வரிகள்தான். அதில் டிரைவர்களுக்குத் தனி வீடு கிடையாது. விசைப்பலகை, திரை, வன்தட்டு ஆகியவற்றுக்கான நிரல்கள், செயல்களை நிர்வகிக்கும் நிரல்களோடு ஒரே கோப்புறையில் கலந்து கிடந்தன. விசைப்பலகை நிரல் ஃபின்லாந்து விசை அமைப்புக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஒருவர் வீட்டுக் கணினிக்கு எழுதியது அல்லவா, அவர் வீட்டு விசைப்பலகை போதும்.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த பதிப்பிலேயே முதல் பிரிவினை நடந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்தாக வந்துபோகும் விசைப்பலகை, திரை போன்றவை ஒரு பக்கம்; தொகுதி தொகுதியாகத் தரவைத் தரும் வன்தட்டு போன்றவை மறுபக்கம். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது ‘டிரைவர்ஸ்’ என்ற தனிக் கோப்புறையும், அதற்குள் நெட்வொர்க், ஒலி போன்ற உட்பிரிவுகளும் இருந்தன.

இந்த ஒலிப்பிரிவில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய கெர்னலில் ஒலி டிரைவர்கள் ‘டிரைவர்ஸ்’ கோப்புறைக்குள் இல்லை. வெளியே, ‘சவுண்ட்’ என்று தனிக்குடித்தனம். 2002-இல் ஒலிக்கான புதிய பெரிய தொகுப்பு கெர்னலுக்குள் வந்தபோது அது தனி இடம் பிடித்தது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது. தர்க்கப்படி பார்த்தால் உள்ளே இருக்க வேண்டியது. எங்கள் ஊரும் வருவாய்த்துறைக்குக் கடலூர் மாவட்டம், மக்களவைத் தேர்தலுக்குச் சிதம்பரம் தொகுதி. வரலாறு போட்ட கோட்டை எல்லா இடத்திலும் அழித்துவிட முடியாது என்று மாணவர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள்.

மருத்துவர் எழுதிய கேமரா டிரைவர்கள்

கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புக்காக எங்களுக்கு ஒரு பழைய வெப் கேமரா கிடைத்தது. மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரில் கிடந்தது அது. விண்டோஸ் கணினியில் இணைத்தால் அடையாளம் தெரியாத சாதனம் என்றது. தயாரித்த நிறுவனம் புதிய பதிப்புக்கு டிரைவர் தரவில்லை. கூட வந்த குறுந்தகடு எப்போதோ தொலைந்துவிட்டது. அதே கேமராவை உபுண்டு உள்ள கணினியில் செருகியதும் படம் வந்தது. எதையும் நிறுவவில்லை.

காரணத்தைத் தேடிப் போனபோதுதான் மிஷேல் ஷார் என்ற பெயர் தெரியவந்தது. பிரான்சைச் சேர்ந்தவர், தொழிலால் மருத்துவர். 2000-களில், 200-க்கும் மேற்பட்ட வெப் கேமரா வகைகள் லினக்ஸில் இயங்குவதற்கான டிரைவரை எழுதியவர். ஒரு தனிமனிதர் ஓய்வு நேரத்தில் இதை எப்படிச் செய்ய முடியும்?

கேமராக்களின் வெளியோட்டில் இருக்கும் பெயர்கள்தான் நூற்றுக்கணக்கு. உள்ளே இருக்கும் சில்லு வகைகள் மிகக் குறைவு. ஒரே சில்லை வாங்கிப் பல நிறுவனங்கள் தத்தம் பெயர் ஒட்டி விற்றன. ஆகவே பெயர் வாரியாக டிரைவர் எழுதத் தேவையில்லை. சில்லு வாரியாக எழுதினால் போதும். அதற்கும் மேலே, எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவான வேலைகள் இருக்கின்றன. யுஎஸ்பி வழியாகத் தரவை இழுப்பது, படச்சட்டங்களை வரிசையில் வைப்பது, கேட்கும் செயலிக்குக் கொடுப்பது. இவை ஒருமுறை எழுதப்பட்டால் எல்லோருக்கும் ஆகும். அவருடைய வேலையிலிருந்து வளர்ந்த ‘ஜிஎஸ்பிசிஏ’ என்ற தொகுப்பு 2008-இல் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அந்தக் கோப்புறையைத் திறந்தால் இந்த அமைப்பு அப்படியே தெரியும். நடுவில் பொதுவேலைகளைச் செய்யும் ஒரு கோப்பு. சுற்றிலும் சில்லுக்கு ஒன்றாகச் சிறு கோப்புகள். ஒவ்வொன்றிலும் ‘இந்த எண்ணுள்ள கேமராக்கள் என் பொறுப்பு’ என்று ஒரு பட்டியல். எங்கள் கேமராவின் எண் அந்தப் பட்டியல்களில் ஒன்றில் ஒரு வரியாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பொதுவானதை ஓரிடத்தில் ஒருமுறை எழுது, வேறுபடுவதை மட்டும் சிறிதாகப் பிரித்து வை. டிரைவர்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை முழுவதும் இந்த ஒரே எண்ணத்தில் நிற்கிறது. எது பொதுவானது என்பது முதல் நாளே தெரிவதில்லை என்பதுதான் இதில் சுவையான பகுதி.

சுட்டி வீடு மாறிய கதை

யுஎஸ்பி சுட்டியும் விசைப்பலகையும் ஒரு காலத்தில் கெர்னலின் ‘யுஎஸ்பி’ கோப்புறைக்குள் இருந்தன. யுஎஸ்பி வழியாக வருகிறவை அங்கே இருப்பது நியாயமாகவே தோன்றியது. பிறகு புளூடூத் சுட்டிகள் வந்தன. வழி வேறு, ஆனால் ‘இடது பொத்தான் அழுத்தப்பட்டது, இரண்டு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது’ என்று சுட்டி சொல்லும் மொழி அதே மொழி. புளூடூத்துக்காக அதை மறுபடி எழுதுவதா? 2007-இல் அந்த மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதியை யுஎஸ்பி கோப்புறையிலிருந்து வெளியே எடுத்து, ‘ஹெச்ஐடி’ என்ற தனிக் கோப்புறையில் வைத்தார்கள். மனிதர் கையாளும் சாதனங்கள் என்பதன் சுருக்கம் அது. இன்று மடிக்கணினியின் தொடுதட்டு வேறொரு வழியாக இணைக்கப்பட்டிருந்தாலும், அதே பொது நிரலைப் பயன்படுத்திக்கொள்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இன்னொன்று. ‘நெட்’ கோப்புறையில் கம்பிவழி நெட்வொர்க் அட்டைகளின் டிரைவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே தட்டில் குவிந்திருந்தன. 2011-இல் ஜெஃப் கிர்ஷர் என்பவர் அவற்றை ‘ஈதர்நெட்’ என்ற கோப்புறைக்குள் நிறுவன வாரியாகப் பிரித்தார். இன்டெல் ஒரு வீடு, ரியல்டெக் ஒரு வீடு என்று. அந்த மாற்றம் 2012 ஜனவரியில் வந்த 3.2 பதிப்பில் வெளியானது. அதே 2012-இல் பக்கத்து வீடான ‘மீடியா’ கோப்புறையும் மறுசீரமைக்கப்பட்டது. கேமரா, தொலைக்காட்சி அட்டை ஆகியவற்றின் இடம் அது. அங்கே நிறுவன வாரியாகப் பிரிக்கவில்லை. யுஎஸ்பி வழி வருபவை, பிசிஐ வழி வருபவை என்று இணைப்பு வழியாகப் பிரித்தார்கள்.

ஒரே கெர்னல், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு வெவ்வேறு முடிவு. ஏன்? நான் புரிந்துகொண்டபடி காரணம் இது. நெட்வொர்க் அட்டையில் சில்லைச் செய்கிற நிறுவனமே பெரும்பாலும் டிரைவரையும் எழுதிப் பராமரிக்கிறது. அதன் ஒரு தலைமுறை அட்டைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உறவு உண்டு. ஆகவே நிறுவனப் பெயர் அங்கே பொருளுள்ள எல்லை. கேமராவிலோ பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சில்லு வேறொன்று. அங்கே நிறுவனப் பெயர் ஓட்டின் மேல் ஒட்டிய தாள். இணைப்பு வழிதான் நிரலின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. ஒருவர் பண்முறையைத் தேர்ந்தார், ஒருவர் தலமுறையைத் தேர்ந்தார். இருவரும் சரி.

‘எது சரியான வகைப்பாடு?’ என்று ஒற்றை விடை எதிர்பார்த்துக் கேட்கும் நம் வினாத்தாள் பழக்கத்துக்கு இது கொஞ்சம் சங்கடம் தரும். ‘இந்த வகைப்பாடு யாருக்கு, எதற்கு உதவுகிறது?’ என்பதே நல்ல கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

எண்ணைச் சொன்னால் வீடு தெரியும்

சாதனத்தைச் செருகியதும் கெர்னல் அதற்குரிய டிரைவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு யுஎஸ்பி சாதனமும் இணைந்தவுடன் இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று நிறுவன எண், மற்றது பொருள் எண். பள்ளிக்கு யுடைஸ் எண், மாணவருக்கு எமிஸ் எண் போல. பிசிஐ அட்டைகளுக்கும் இதே ஏற்பாடு. இன்டெல்லின் பிசிஐ நிறுவன எண் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய செயலியின் பெயரையே எண்ணாக வாங்கிக்கொண்டார்கள்.

இதோடு வகுப்பு எண் என்று ஒன்றும் உண்டு. நம் வகுப்பு அல்ல, சாதன வகுப்பு. 1 என்றால் ஒலி, 3 என்றால் விசைப்பலகை, சுட்டி போன்றவை, 7 என்றால் அச்சுப்பொறி, 8 என்றால் சேமிப்புச் சாதனம். எந்த நிறுவனத்தின் பென் டிரைவை வாங்கினாலும் உடனே வேலை செய்வதற்கு இந்த 8-தான் காரணம். அது ‘நான் எட்டாம் வகுப்பு’ என்று சொன்னால் போதும். எல்லாப் பென் டிரைவுக்கும் பொதுவான ஒரே டிரைவர் வந்து ஏற்றுக்கொள்ளும்.

அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் இதை அருமையாகக் காட்டலாம். அசல் ஆர்டினோ ஊனோ பலகையின் நிறுவன எண் 2341, பொருள் எண் 0043. அது ஒரு பொது வகுப்பைச் சேர்ந்தது என்று தன்னை அறிவித்துக்கொள்வதால் பொது டிரைவரே போதும். விலை குறைந்த நகல் பலகைகள் பலவற்றில் வேறொரு மாற்றிச் சில்லு இருக்கும். அதற்கென்று எழுதிய தனி டிரைவர் வேறு கோப்புறையில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் செருகி, லினக்ஸ் முனையத்தில் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளை காட்டும் கடைசி வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரு பலகைகளுக்கு இரு வேறு டிரைவர் பெயர்கள் வரும். ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளை எண்களைக் காட்டும்.

டிரைவர் தானே போய்ச் சாதனத்தைத் தேடாமல், இணைப்பு வழியே எண்களை ஒப்பிட்டு இருவரையும் சேர்த்துவைக்கும் இந்த ஏற்பாடு எல்லா வகைச் சாதனத்துக்கும் ஒரே சீராக அமைந்தது 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில். அதோடு இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கோப்புறையில் ஒரு டிரைவருக்கு ஒரே இடம்தான். ஆனால் இயங்கும் கணினியில் ‘சிஸ்’ என்ற கோப்புறையைத் திறந்தால் ஒரே சாதனத்தை மூன்று வழியில் அணுகலாம். ‘பஸ்’ வழியே போனால் எந்த இணைப்பில் இருக்கிறது என்று தெரியும். ‘கிளாஸ்’ வழியே போனால் என்ன வேலை செய்கிறது என்று தெரியும். ‘டிவைசஸ்’ வழியே போனால் எந்த முனையில், எதற்குப் பின்னால் செருகப்பட்டிருக்கிறது என்று தெரியும். சாதனம் ஒன்றே, மற்றவை அதைச் சுட்டும் இணைப்புகள். பண்முறையும் தலமுறையும் ஒரே நூலில்!

இதைப் படிக்கும்போது சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். ஒரு நூலுக்கு ஒரே பொருள், ஒரே இடம் என்ற முறை போதாது. ஒவ்வொரு நூலுக்கும் பல முகங்கள் உண்டு, அந்த முகங்களைத் தனித்தனியே குறித்து இடையே முக்காற்புள்ளி இட்டுச் சேர்த்தால் எந்த நூலையும் வகைப்படுத்தலாம் என்று 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்ததில் அந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். ஒரே துண்டுகளை வேறு வேறாகப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. நூலகப் பாடவேளையில் இதையும் டிரைவர் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

நம் ஆய்வகங்களுக்கு இதில் என்ன?

நிறையவே இருக்கிறது. லினக்ஸில் டிரைவர்கள் கெர்னலோடு ஒரே மரத்தில் இருப்பதால், கெர்னலின் உள்ளமைப்பை யாராவது மாற்றினால், அதனால் பாதிக்கப்படும் எல்லா டிரைவர்களையும் அவரே திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. 15 ஆண்டுக்கு முன் விற்பனை நின்றுபோன கேமராவும் இப்படித்தான் இன்றைய பதிப்பில் ஓடுகிறது. தயாரித்த நிறுவனம் கைவிட்டாலும் மரம் கைவிடுவதில்லை. புதிது வாங்க நிதி வரும்வரை பழையதை ஓட்டிக்கொண்டிருக்கும் நம் போன்ற பள்ளிகளுக்கு இது சிறிய விஷயமில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இயக்க அமைப்பு அது. அதன் உள்ளே இருப்பதும் இதே கெர்னல், இதே டிரைவர் மரம். எங்கள் பகுதியில் பல வீடுகளில் அந்த மடிக்கணினிகள் பரணில் கிடக்கின்றன. மின்கலம் போயிருக்கலாம், மின்சாரத்தில் செருகினால் பல இன்னும் ஓடும். அவற்றில் இன்றைய இலகுவான லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவித் தந்தால் தம்பி, தங்கைகளுக்கு ஆகும்.

அதற்காக எல்லாம் இயங்கும் என்று நான் சொல்லமாட்டேன். சில வைஃபை சில்லுகள் நிறுவனம் தரும் மூடிய கோப்பு இல்லாமல் அசையாது. சில அச்சுப்பொறிகளும் அப்படியே. மரத்திலிருந்து கழிப்பதும் உண்டு: பழைய ஐடிஇ வன்தட்டு டிரைவர்கள், அவற்றின் வேலையைப் புதிய தொகுப்பு முழுமையாக ஏற்றுக்கொண்ட பிறகு, 2021-இல் நீக்கப்பட்டன. பராமரிப்பவர் யார் என்று ஒவ்வொரு பகுதிக்கும் எழுதிவைத்த ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. ஆள் இல்லாத பகுதிகளுக்கு அங்கே ‘அநாதை’ என்றே குறிப்பு.

‘ஸ்டேஜிங்’ என்ற கோப்புறையையும் சொல்ல வேண்டும். தரம் இன்னும் வராத டிரைவர்களை வெளியே நிறுத்தாமல் உள்ளே சேர்த்து, என்னென்ன திருத்த வேண்டும் என்று ஒரு குறிப்பையும் வைத்து, தேறியதும் உரிய கோப்புறைக்கு அனுப்பும் இடம். 2008-இல் தொடங்கியது. நாம் நடத்திய இணைப்புப் பயிற்சி வகுப்புகளைப் போலத்தான். தேறாமல் போனால் நீக்கிவிடுவார்கள் என்பது மட்டும் வேறுபாடு. நமக்கு அந்த உரிமை இல்லை, இருக்கவும் கூடாது.

வகுப்பில் செய்து பார்த்தது

மேல்நிலை வகுப்பில் நான் செய்யும் செயல்பாடு இது. பழைய அழைப்பிதழ்களைக் கத்தரித்து 20 அட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாதனத்தின் பெயர், இணைப்பு வகை, நிறுவனம் ஆகியவற்றை எழுதினோம். ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் உள்ள உண்மையான சாதனங்கள்தான். மூன்று குழுக்கள். ஒன்று வேலையால், ஒன்று இணைப்பால், ஒன்று நிறுவனத்தால் அடுக்க வேண்டும். பிறகு நான் கேள்வி கேட்பேன்: "ஒலி வரவில்லை, யாரைப் பார்ப்பது?" வேலைக் குழு உடனே எடுத்துத் தரும், மற்ற இரண்டும் தடுமாறும். "யுஎஸ்பி முனையில் எதைச் செருகினாலும் வேலை செய்யவில்லை" என்றால் இணைப்புக் குழுவின் முறை.

ஒரு மாணவன் கேட்டான்: "சார், இது பிரிண்டர், ஸ்கேனர், ஜெராக்ஸ் மூணும் ஒண்ணா இருக்கே, எந்த வரிசையில வைக்கிறது?" நல்ல கேள்வி. கெர்னல் இதற்குச் சொல்லும் விடை எதிர்பாராதது. அச்சுப்பொறிக்குப் போகும் தரவைக் கொண்டுசேர்ப்பதோடு கெர்னலின் வேலை முடிந்தது. அச்சுப்பொறியின் மொழி, ஸ்கேனரின் மொழி இரண்டையும் புரிந்துகொள்ளும் நிரல்கள் கெர்னலுக்கு வெளியே இருக்கின்றன. தவறினால் கணினியையே நிறுத்திவிடக்கூடிய இடம் கெர்னல். ஆகவே வெளியே செய்ய முடிந்ததை வெளியே வைப்பதும் ஒழுங்கின் ஒரு பகுதி. ஒலிவாங்கி உள்ள வெப் கேமராவின் அட்டையை வைத்தும் வாக்குவாதம் நடந்தது. அங்கே விடை வேறு. ஒரே சாதனம் தன்னைப் படம், ஒலி என்று இரண்டு முகமாக அறிவிக்கும். படத்துக்கு ‘மீடியா’ கோப்புறையிலிருந்து ஒரு டிரைவர், ஒலிக்கு ‘சவுண்ட்’ கோப்புறையிலிருந்து இன்னொரு டிரைவர். அட்டையை இரண்டாகக் கிழித்து இரு வரிசையிலும் வைத்தார்கள். புரொஜெக்டருக்குத் தனி டிரைவரே கிடையாது என்பதை நம்ப வைக்கத்தான் நேரம் பிடித்தது. படத்தை அனுப்புவது கணினியின் வரைகலைச் சில்லு; புரொஜெக்டர் தன் திரை அளவை மட்டும் சொல்லிவிட்டுப் படத்தை வாங்கிக்கொள்கிறது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் அட்டைக்குப் பதில் குழந்தைகளின் பைப் பொருள்களையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் நிறத்தால், பிறகு பயனால், பிறகு எதனால் ஆனது என்பதால். அழிப்பான் வைத்த பென்சில் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கடைசியில் அந்தப் பழைய கேமராவின் எண் இருந்த கோப்பைத் திரையில் காட்டினேன். எண்கள் வரிசையாக இருந்தன. முன்வரிசை மாணவி ஒருத்தி, "இந்த லிஸ்ட்ல இல்லாத கேமரா நம்மகிட்ட இருந்தா, நாமளே ஒரு வரி சேர்க்கலாமா சார்?" என்றாள். சேர்க்கலாம். உள்ளே இருக்கும் சில்லு ஏற்கெனவே உள்ள ஒன்றாக இருந்தால் ஒரு வரி போதும். கெர்னலுக்கு வந்துசேரும் திருத்தங்களில் இப்படி ஒற்றை வரி எண்கள் ஏராளம். சோதித்துப் பார்க்க நிரலைத் தொகுக்கக்கூட வேண்டாம். ‘சிஸ்’ கோப்புறையில் யுஎஸ்பி டிரைவர்கள் பலவற்றின் கீழ் ‘நியூஐடி’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும் எழுதினால், கணினியை அணைக்கும்வரை அந்த டிரைவர் அச்சாதனத்தையும் ஏற்க முயலும். வேலை செய்தால் அந்த வரியை, நம் பெயரில் கையொப்ப வரியோடு, அப்பகுதியைப் பராமரிப்பவருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எந்தப் பள்ளி, என்ன வயது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவள் இப்போது ஊரில் யார் வீட்டில் பழைய கேமரா இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.